அம்மா எங்கே? - மூன்று வருடங்களாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்த கணவர்!

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இது தெரியும். அம்மா போனை எடுக்கவில்லை என்றால் முதல் நாள் ஒன்றும் தோன்றாது. கோயிலுக்குப் போயிருப்பார், பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருப்பார் என்று விட்டுவிடுவோம். இரண்டாவது நாளும் எடுக்காவிட்டால் மனசு அடித்துக்கொள்ளும். மூன்றாவது நாள் சித்தப்பாவுக்கோ எதிர்வீட்டு அக்காவுக்கோ போன் போட்டு, 'கொஞ்சம் எட்டிப் பார்த்துட்டு வாங்களேன்' என்று கேட்டுவிடுவோம்.

1991-ல் செல்போன் கிடையாது. பம்பாயில் இருந்த அந்த இளம்பெண், பெங்களூரு ரிச்மண்ட் ரோட்டில் இருந்த அம்மாவின் வீட்டுக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் பேச வேண்டும். ஏப்ரல் மாதம் அம்மாவுடன் பேசினார். கோடை கழிந்தது. அதன்பிறகு அந்த எண்ணில் அம்மாவின் குரல் கேட்கவே இல்லை. அம்மாவின் இரண்டாவது கணவர்தான் பேசினார். அம்மா எங்கே என்று எப்போது கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

அந்தப் பதில்கள்தான் பிற்பாடு அவரைக் காட்டிக்கொடுத்தன. ஆனால், அதற்கு மூன்று வருடங்கள் ஆகின.

காணாமல்போனவர் பெயர் ஷகேரே கலீலி. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி. நம் பழைய சினிமாப் பாடல்கள் எத்தனையோ படமாக்கப்பட்ட பிருந்தாவன் கார்டன்ஸ், அந்த மிர்சா இஸ்மாயிலின் காலத்தில் உருவானதுதான். பேத்திக்குப் பெங்களூரின் நடுவே, இன்றைக்கு நினைத்தே பார்க்க முடியாத விலை மதிப்புள்ள சொத்துகள் சொந்தப் பெயரில் இருந்தன. கணவர் அக்பர் கலீலி, இந்திய வெளியுறவுப் பணி அதிகாரி. நான்கு பெண் குழந்தைகள்.

சொத்து இருக்கும் இடத்தில் சிக்கலும் இருக்கும் அல்லவா? 1976-ல் வந்த நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் அந்தக் காலத்துப் பணக்காரக் குடும்பங்களைத் தூங்கவிடாமல் செய்த சட்டம். ஷகேரேவுக்கும் அதில் தலைவலி இருந்தது. 1983-ல் டெல்லி போயிருந்தபோது, ராம்பூர் நவாப் குடும்பத்தின் சொத்து விவகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அறிமுகமானார். முரளி மனோகர் மிஸ்ரா என்பது அவர் பெயர். தன்னை சுவாமி ஷ்ரத்தானந்தா என்று சொல்லிக்கொண்டார். இந்தச் சிக்கலையெல்லாம் தீர்க்கத் தெரிந்த ஆள் என்று ஷகேரே நம்பினார்.

சில காலத்தில் அந்த 'சுவாமி' பெங்களூருக்கே வந்துவிட்டார். ஷகேரேவின் வீட்டிலேயே ஒரு பகுதியில் தங்கி, நில விவகாரங்களைக் கவனிக்க ஆரம்பித்தார். அக்பர் கலீலி வேலை நிமித்தமாக ஈரானில் இருந்த நேரம் அது. 1985-ல் கலீலி தம்பதிக்கு விவாகரத்து ஆனது. 1986 ஏப்ரலில், சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் ஷகேரேவும் ஷ்ரத்தானந்தாவும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். குடும்பத்தில் பெரும்பாலானவர்களுக்கு இதில் உடன்பாடில்லை. உறவுகள் விலகின. விலகாமல் போனும் வருகையுமாக இருந்தவர், இரண்டாவது மகள். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் எஸ்.டி.டி. போட்டவர் அவர்தான்.

இங்கே ஒரு வார்த்தை. 'அந்த வயசுல இன்னொரு கல்யாணம் எதுக்கு?' என்று அந்த நாளில் கேட்டவர்கள் உண்டு, இன்றைக்கும் யூடியூப் வீடியோக்களின் கீழே கேட்கிறார்கள். ஒரு பெண் யாரைத் திருமணம் செய்தார் என்பது அவர் விருப்பம். அவர் காணாமல்போனபோது அவரைத் தேடவேண்டிய சுற்றம் ஏற்கெனவே சிறுத்துப்போயிருந்தது. அதுதான் இங்கே கவனிக்கவேண்டிய விஷயம். நான்கு பேர் அடிக்கடி வந்துபோகிற வீட்டில், ஒருவர் இல்லாமல் போனதை மூன்று வருடம் மறைக்க முடியுமா?

ஹைதராபாத், கட்ச், அமெரிக்கா, லண்டன்!

மகளுக்குக் கிடைத்த பதில்களை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வரிசைப்படுத்துகிறது. முதலில் ஹைதராபாத் போயிருப்பதாகச் சொன்னார். பிறகு, ஒரு வைர வியாபாரி வீட்டுத் திருமணத்துக்காகக் கட்ச் போயிருப்பதாகச் சொன்னார். மாதங்கள் ஓட ஓட, ஊர்களும் தூரமாகிக்கொண்டே போயின. ஷகேரே கர்ப்பமாக இருப்பதாகவும், அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் மருத்துவமனையில் சேர்ந்திருப்பதாகவும் சொன்னார்.

மகள் சும்மா இருக்கவில்லை. அந்த மருத்துவமனையில் விசாரித்தார். அப்படி ஒரு நோயாளியே அங்கு இல்லை. திரும்ப வந்து கேட்டபோது பதில் மாறியது. வெளியே தெரியாமல் அமைதியாக இருக்க விரும்பி லண்டன் போயிருக்கிறார் என்றார். அதையும் விசாரித்தார். அதுவும் பொய்.

கடைசியில் திருப்புமுனை வந்தது பம்பாயில். ஷ்ரத்தானந்தா ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்கப் போன மகளின் கண்ணில் தற்செயலாகப் பட்டது, அம்மாவின் பாஸ்போர்ட்.

அமெரிக்காவில் பிரசவத்துக்குச் சேர்ந்திருப்பவரின், லண்டனில் தங்கியிருப்பவரின் பாஸ்போர்ட் பம்பாய் ஹோட்டல் அறையில் எப்படி இருக்கும்?

பல துப்பறியும் கதைகளில் ரத்தக்கறை, துப்பாக்கி, கிழிந்த சட்டை என்று தடயம் வரும். இந்த வழக்கின் முதல் தடயம் ஒரு சின்னப் புத்தகம். அதைப் படித்துப் புரிந்துகொண்டவரும் போலீஸ்காரர் இல்லை, ஒரு மகள்.

இறக்கவும் கூடாது, வரவும் கூடாது

ஒருவர் தன் மனைவியைக் கொன்றிருந்தால், 'சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போய்விட்டாள்' என்று போலீஸில் புகார் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமே? பல வழக்குகளில் அப்படித்தான் நடந்திருக்கிறது. மனைவியைக் காணோம் என்று முதலில் அழுதுகொண்டு ஸ்டேஷனுக்கு வந்தவரே பிறகு குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்கிறார். ஆனால், ஷ்ரத்தானந்தா காணவில்லை என்று புகாரே கொடுக்கவில்லை. மனைவி எங்கோ நலமாக இருக்கிறார் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஏன்?

ஷகேரே அவருக்கு 'பவர்' எழுதிக் கொடுத்திருந்தார். அதாவது, பொது அதிகாரப் பத்திரம். சொத்து வாங்கி விற்றவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். பவர் கொடுத்தவர் சார்பில், பவர் வாங்கியவர் நிலத்தை விற்கலாம், பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். ஆனால், பவர் கொடுத்தவர் இறந்த நிமிடத்தில் அந்தப் பத்திரம் செல்லாத காகிதமாகிவிடும்.

இப்போது அந்தப் பதில்களைத் திரும்பப் பாருங்கள். மனைவி இறந்துவிட்டார் என்று ஊருக்குத் தெரிந்தால் பவர் போய்விடும். காணாமல்போய்விட்டார் என்றாலும் வாங்க வருகிறவர்கள் தயங்குவார்கள். உயிரோடு இருக்க வேண்டும், ஆனால் யார் கண்ணிலும் படக் கூடாது. கட்ச் திருமணமும் அமெரிக்கப் பிரசவமும் இதற்காக உருவாக்கப்பட்டவைதான். ஷகேரே யார் கண்ணிலும் படாத அந்தக் காலத்தில் அவர் பெயரிலிருந்த சொத்துகள் கைமாறின, வங்கிக் கணக்குகள் இயங்கின. பின்னாளில் நீதிமன்றங்கள், கொலைக்கான நோக்கம் என்ன என்ற கேள்விக்கு இங்கேதான் விடை கண்டன.

வயதான பெற்றோர், தனியாக இருக்கும் அத்தை, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் என்று நம் வீடுகளிலும் பவர் எழுதிக் கொடுப்பது சகஜம். எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யவும் முடியும், குறிப்பிட்ட ஒரு சொத்துக்கு மட்டும் கொடுக்கவும் முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இருக்கும் எல்லாச் சொத்துக்கும் சேர்த்து ஒரே ஆளுக்கு எழுதுவதற்கு முன், ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

21 மாதங்கள் தூங்கிய ஃபைல்

1992 ஜூன் மாதம், பெங்களூரு அசோக் நகர் காவல் நிலையத்தில் மகள் புகார் கொடுத்தார். அம்மாவைக் காணவில்லை.

புகார் வாங்கப்பட்டது. விசாரணையும் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால், எங்கும் போகவில்லை. சந்தேகத்துக்குரியவர் படித்தவர், ஆங்கிலம் பேசுகிறவர், காவி மரியாதை வேறு. இன்னொரு பக்கம், காணாமல்போனது வசதியான, விருப்பப்படி பயணம் போகக்கூடிய 40 வயதைத் தாண்டிய பெண். 'எங்கேயாவது போயிருப்பாங்க, வந்துடுவாங்க' என்கிற அலட்சியத்துக்கு எல்லாக் காரணங்களும் பொருந்தி வந்தன.

கிட்டத்தட்ட 21 மாதங்கள் கழித்து, 1994 மார்ச்சில் வழக்கு மத்தியக் குற்றப் பிரிவின் கைக்குப் போனது. அந்த மாதம் முடிவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது.

எப்படி முடிந்தது என்பதற்குப் பெங்களூரில் சுவாரஸ்யமான ஒரு கதை சொல்வார்கள். மஃப்டியில் சுற்றிய ஒரு கான்ஸ்டபிள், அந்த வீட்டு வேலைக்காரரோடு சாராயக் கடையில் நட்பாகி, போதையில் உண்மையைக் கறந்தாராம். சொல்கிறவருக்குத் தகுந்தாற்போல் கடையும் மாறும், சரக்கும் மாறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கோர்ட்டில் சாராயக் கடைப் பேச்சு நிற்காது. அங்கே நின்றது வேறு.

மார்ச் 28 அன்று ஷ்ரத்தானந்தா கைது செய்யப்பட்டார். இரண்டு நாள் கழித்து, 30-ம் தேதி, ரிச்மண்ட் ரோடு வீட்டுக்கு அவரை அழைத்துவந்தார்கள். அதிகாரிகள் முன்னிலையில், வீடியோ கேமரா ஓடிக்கொண்டிருக்க, வீட்டை ஒட்டிய முற்றத்தில் ஓர் இடத்தை அவர் காட்டினார். தோண்டினார்கள். உள்ளே ஒரு பெரிய மரப்பெட்டி. பெட்டிக்குள் எலும்புக்கூடு.

அமெரிக்காவிலும் லண்டனிலும் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஷகேரே, தன் சொந்த வீட்டு மண்ணில்தான் மூன்று வருடங்கள் இருந்திருக்கிறார். அதே வீட்டில்தான் கணவரும் வசித்துவந்தார்.

பெட்டிக்குள் இருந்த மோதிரங்களையும் வளையல்களையும் பார்த்து, அது தன் மகள்தான் என்று அடையாளம் சொன்னவர் ஷகேரேவின் வயதான தாயார். இதை எழுதும்போது கை ஒரு நிமிடம் நின்றுவிட்டது. மண்டை ஓட்டைப் பழைய புகைப்படத்தின்மீது பொருத்திப் பார்க்கும் சோதனையும், அந்தக் காலத்தில் நம் நாட்டுக்குப் புதிதாக இருந்த டி.என்.ஏ. சோதனையும் அதையே உறுதிசெய்தன.

போலீஸிடம் ஒப்புக்கொண்டால் போதுமா?

சினிமா பார்த்துப் பார்த்து நமக்கே ஒரு சட்டம் மனப்பாடம். போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. உண்மைதான். அடித்து வாங்கியிருக்கலாம் என்பதால் இந்தப் பாதுகாப்பு. அப்படியானால் ஷ்ரத்தானந்தா சொன்னது மட்டும் எப்படிச் செல்லும்?

அதே சாட்சியச் சட்டத்தில் 27-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. இப்போது வந்திருக்கும் புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால், அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்குக் காரணமான பகுதி மட்டும் சாட்சியமாகும். 'நான் கொன்றேன்' என்பது செல்லாது. 'இங்கே தோண்டுங்கள்' என்பது செல்லும், தோண்டியபோது கிடைத்தால்! அன்றைய வீடியோ பதிவு இதனால்தான் முக்கியமானது. இடத்தைக் காட்டியது யார் என்பதை நீதிபதிகள் கண்ணால் பார்க்க முடிந்தது.

ஆனால், புதைத்த இடம் தெரியும் என்பதாலேயே கொன்றவர் என்றாகிவிடாது. கணவர்மீது சந்தேகம் வருவது இயல்பு. சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது நிரூபணம் ஆகாது. 1984-ல் சரத் சர்தா என்பவரின் வழக்கில், மனைவியைக் கொன்றதாகக் கீழ்க் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டிலும் தண்டனை பெற்ற கணவரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கில் சூழ்நிலைகள் எல்லாம் ஒரு சங்கிலிபோல் கோத்திருக்க வேண்டும், வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னதைத்தான் இன்றும் நம் நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன.

ஷகேரே வழக்கில் அந்தச் சங்கிலியைக் கோத்தவர்கள் சாதாரண மனிதர்கள். வீட்டு வேலையாட்கள், ஆர்டரின் பேரில் அந்த மரப்பெட்டியைச் செய்து கொடுத்தவர்கள், குழி தோண்டிய கூலியாட்கள். பெட்டியும் குழியும் முன்கூட்டியே தயாராகியிருந்தன என்பது அவர்கள் சொன்னதிலிருந்து தெரிந்தது. ஆத்திரத்தில் கைநீட்டி நடந்த சாவு என்று சொல்ல இனி வழியில்லை. மயக்க மருந்து கொடுத்து, உயிர் இருக்கும்போதே பெட்டியில் வைத்துப் புதைத்தார் என்பது அரசுத் தரப்பின் வழக்கு. அதோடு சேர்ந்துகொண்டன அந்தப் பொய்கள். கணவனுக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தைப் பற்றி அவர் மாற்றி மாற்றிப் பொய் சொன்னது சங்கிலியில் இன்னொரு கண்ணி. போனில் கேட்டதையெல்லாம் மனதில் வைத்திருந்து, ஒவ்வொன்றையும் விசாரித்து வைத்திருந்த மகளின் சாட்சியம் அங்கே கை கொடுத்தது.

நம் ஊருக்கும் வந்த தீர்ப்பு

கைதான பிறகு 11 வருடங்கள் கழித்து, 2005 மே மாதம், பெங்களூரு செஷன்ஸ் கோர்ட் மரண தண்டனை விதித்தது. அதே வருடம் கர்நாடக உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றத்தில் 2007-ல் இரண்டு நீதிபதிகளும் குற்றம் நிரூபணம் என்பதில் ஒன்றுபட்டார்கள், தண்டனையில் பிரிந்தார்கள். நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு தூக்கு என்றார். நீதிபதி எஸ்.பி.சின்ஹா, சாகும்வரை சிறை போதும் என்றார்.

2008 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த முடிச்சை அவிழ்த்தது. தூக்கு அதிகம். ஆயுள் தண்டனை என்றால், நடைமுறையில் 14 வருடம் கழித்து அரசு தண்டனைக் குறைப்பு செய்து வெளியே விட்டுவிடலாம், அது மிகவும் குறைவு. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி: இயற்கையாக உயிர் பிரியும்வரை சிறை, தண்டனைக் குறைப்பே கிடையாது. அதுவரை சட்டப் புத்தகத்தில் இந்த வடிவில் இல்லாத ஒரு தண்டனை அது.

இந்த இடத்தில்தான் பெங்களூரு வீட்டுக் கொலை, தமிழ்நாட்டு அரசியலுக்குள் நுழைகிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையில் இருந்த ஏழு பேரை விடுவிக்க 2014-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா முடிவெடுத்தார். மத்திய அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2015 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தபோது, அவர்கள் முன் இருந்த முக்கியமான கேள்விகளில் ஒன்று, ஷ்ரத்தானந்தா வழக்கில் உருவான அந்தத் தண்டனை செல்லுமா என்பது. மூன்று நீதிபதிகள் செல்லும் என்றார்கள், இருவர் செல்லாது என்றார்கள். அன்றிலிருந்து, 'தண்டனைக் குறைப்பின்றி 25 வருடம்', '30 வருடம்', 'சாகும்வரை' என்று தமிழ்நாட்டுக் கோர்ட் செய்திகளில் நாம் படிக்கிற தீர்ப்புகளுக்கெல்லாம் வேர், அந்த ரிச்மண்ட் ரோட்டு முற்றத்தில்தான் இருக்கிறது.

இந்த வழக்கைப் பற்றி 2023-ல் அமேசான் பிரைமில் 'டான்ஸிங் ஆன் தி கிரேவ்' என்ற ஆவணத் தொடர் வந்தது. வழக்கு மீண்டும் பேச்சானது. தான் கொலை செய்யவில்லை என்று ஷ்ரத்தானந்தா அதில் பேசினார். என்னைக் கேட்டால், அந்தத் தொடரைப் பார்த்து முடித்தபின் மனதில் நிற்பது அவர் முகமில்லை. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த அந்த மகளின் முகம்தான்.

இன்று அப்படி யாரேனும் புகார் கொடுக்கப் போனால், 24 மணி நேரம் பொறுத்திருந்து வாருங்கள் என்று சொல்லும் பழக்கம் சில ஸ்டேஷன்களில் இன்னும் இருக்கிறது. சட்டத்தில் அப்படிக் காத்திருப்பு எதுவும் கிடையாது. எந்த எல்லையில் நடந்தாலும், எந்த ஸ்டேஷனிலும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிவு செய்யலாம். போகும்போது, கடைசியாகப் பேசிய தேதி, அதன்பிறகு வீட்டில் இருப்பவர் எந்தெந்த நாளில் என்னென்ன சொன்னார் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். வாட்ஸ்அப் மெசேஜ்களை அழிக்காதீர்கள்.

2022 நவம்பரில் ராஜீவ் வழக்கில் மீதமிருந்த ஆறு பேரும் விடுதலையானார்கள். அந்த மாதமே ஷ்ரத்தானந்தா உச்ச நீதிமன்றம் போனார். அவர்களை விட்டீர்கள், ஒரு நாள்கூட பரோல் இல்லாமல் சிறையில் இருக்கும் என்னையும் விடுங்கள் என்பது அவர் தரப்பு வாதம். மத்தியப் பிரதேசத்தின் சாகர் சிறையில் இருந்த அவர் 80 வயதைக் கடந்துவிட்டார். 2024 செப்டம்பரில், விடுதலை கோரிய அவரது மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது.